பின் கதிரைக்கு ஒரு வெங்காயம்

சிவமயம்

மருதனார்மடம்,
6.2.1994

அன்பு மகள் குணலட்சுமி அறிவது,

உன் எழுத்து முன்போலவே சாயாமல் நிற்பதைப் பார்த்து நீ சுகமாக இருக்கிறாய் என்று நானும் அம்மாவும் எடுத்துக்கொண்டோம். இங்கே எங்கள் உடம்புக்குக் குறையில்லை, மற்றக் குறைகளை எழுதத் தாள் காணாது. நீ அந்தக் குளிர் நாட்டிலிருந்து கொழும்புக்கு அனுப்பிய கடிதத்தையும் படத்தையும் பக்கத்து வீட்டுக் கத்தரீனா சேலை மடிப்புக்குள் வைத்துக் கிளாலிக் கடல் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தா. பறக்கிற சாமான் கீறிய தாளோடு இராணுவம், இயக்கம் என்று எந்தப் பக்கத்துச் சோதனையில் பிடிபட்டிருந்தாலும் தன்ரை கதி என்ன எண்டு கேட்டா, உங்கடை மகள் இனிச் சட்டைப் படம் மாத்திரம் கீறி அனுப்பட்டும் எண்டும் சொன்னா. ஆகையால் படத்தைத் திருப்பி அனுப்பவில்லை, சொல்ல வேண்டியதை எழுத்திலேயே சொல்கிறேன்.

மூன்று சில்லு வண்டி, முன்னும் பின்னுமாக இரண்டு கதிரை, அதற்குப் பின்னால் எஞ்சினும் விசிறியும், மேலே காற்று நிரம்பினால் செட்டை போல விரியும் பரசூட். எஞ்சினைக் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும், காலால் மிதித்துத் திருப்பலாம் என்று எழுதியிருந்தாய். இங்கே வானத்தில் இரைச்சல் கேட்டால் நாங்கள் குண்டுக்குப் பயந்து பங்கர் குழிக்குள் ஓடுகிறவர்கள், இரண்டு பேர் கதிரையில் இருந்து ஊர் பார்த்துக்கொண்டு போவதற்கும் ஒரு சாமான் உண்டென்று நம்ப எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. நம்பிய பிறகு மூங்கில் சிலாகையில் உன் அளவுகளைச் சுருக்கி வண்டியைக் கட்டினேன். எஞ்சினுக்கு ஒரு கல்லு, முன் கதிரைக்கு ஒரு வெங்காயம், பின் கதிரைக்கு ஒரு வெங்காயம், பரசூட் கயிறு பிடிக்கிற இடத்தில் நூலைக் கட்டிக் குசினிக் கூரை வளையில் தூக்கினேன். அம்மா அடுப்படியில் நின்று பார்த்துவிட்டு, எந்த வெங்காயம் எங்கடை பிள்ளை எண்டு சொல்லுங்கோ, அதை விட்டிட்டு மற்றதைக் கறிக்கு எடுக்கிறன் எண்டா.

இரண்டு வெங்காயமும் இருக்க வண்டி மட்டமாக நின்றது, அதில் உன்னைக் குறை சொல்ல முடியாது. பின் வெங்காயத்தை எடுத்தேன், மூக்குக் குத்திக்கொண்டு தொங்கியது. நீ இரண்டு பேருக்கு மாத்திரம் கணக்குப் பார்த்திருக்கிறாய், ஓட்டுகிறவர் தனியே போகும் நாளை மறந்துவிட்டாய். பின் கதிரையை முன்னுக்கு இழுத்து நூலுக்கு நேர் கீழே வைத்தேன், எஞ்சின் கல்லையும் சற்றுப் பின்னுக்குத் தள்ளி முன் வெங்காயத்துக்குச் சரிக்கட்டினேன். பிறகு பின் வெங்காயம் இருந்தாலும் எடுத்தாலும் வண்டி அசையவில்லை. பின்னால் இருப்பவர் முன் கதிரையின் இரண்டு பக்கமும் காலை நீட்டிக்கொள்ளலாம். கயிறு மாட்டும் இடத்தில் ஒரு துளைக்குப் பதிலாக நாலைந்து துளை வை, ஓட்டுகிறவர் பெருத்தவரானால் ஒன்று, மெலிந்தவரானால் இன்னொன்று. காற்றைப் பார்த்து, பட்டத்தின் நெஞ்சில் கட்டுகிற முச்சைக் கயிற்றின் முடிச்சை ஏற்றி இறக்குவோமே, அதுதான்.

பட்டம் என்றதும் உடுப்பிட்டியில் இருக்கும் உன் பெரியப்பா நாகலிங்கத்தார் நினைவுக்கு வருகிறார். மகனுக்குக் கலியாணம் செய்துவைத்தார், அம்மா போய்வந்தா, நான் போகவில்லை. சின்ன வயதில் எங்கள் ஒழுங்கைப் பெடியளுக்குள் முச்சை கட்டியவன்தான் முதலில் கயிறு பிடிக்கவேணும் என்று ஒரு முறை இருந்தது, பட்டம் குத்தினால் பழியும் அவனுக்கு, ஏறினால் பேரும் அவனுக்கு. நான் முச்சை கட்டிய பட்டத்தின் கயிற்றை அவர் பறித்துப் பிடித்து ஊர் முழுக்கப் பேர் வாங்கினார். அதுக்குப் பிறகு நான் படம் கீறும் வேலை பார்த்த நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் அதே கதைதான். நான் கீறிய மதகுப் படத்தில் கீறியவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்ற மூன்று இடத்திலும் எஞ்சினியர் தன் பேரையே எழுதினார். திறப்புவிழாவில் மாலை அவருக்கு. வெள்ளம் வந்தபோது அவர் கொழும்பில், அணைக்கட்டில் நின்றது நான். மதகு உடையாமல் நின்றது என்பதும் ஒருவருக்கும் தெரியாது.

இப்போது உன் விசயத்துக்கு வருகிறேன். பனி கரைந்ததும் இரண்டு பேரோடு முதன்முதல் பறக்கும்போது பின் கதிரையில் உன்னை இருக்கச்சொல்லி உன் வேலைத்தல முதலாளி கேட்டார், அப்பா ஓம் எண்டால்தான் ஏறுவன் என்று எழுதியிருக்கிறாய். படம் அவருடைய பேரில் போவதாகவும், அது உனக்குப் பெரிய காரியமில்லை என்றும் எழுதியிருக்கிறாய். வாசித்த அன்றே ஏறக்கூடாது என்று எழுதி உறையையும் ஒட்டிவிட்டேன். பெற்ற பிள்ளையை விசிறிக்கு முன்னால் இருத்தி ஆகாயத்துக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உறையைக் கண்டு அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். முச்சை கட்டினவன் கயிறு பிடிக்கவேணும் எண்டு கலியாணம் கட்டின நாள் தொட்டு என்ரை காது புளிக்கச் சொல்லுறியள், இப்ப முச்சை கட்டின எங்கடை பிள்ளை கயிறு பிடிக்கட்டே எண்டு கேட்டால் வேண்டாமாம், அப்ப உங்களுக்கும் அண்ணருக்கும் என்ன வித்தியாசம் எண்டா. ஒட்டிய உறையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுத் திரும்ப எழுத இருந்தேன்.

ஆகவே ஓம். கதிரையை மாற்றிய பிறகு ஏறு. ஆனால் பேர் பெரிய காரியமில்லை என்று இனி எனக்கு எழுதாதே. படத்தின் மூலையில் கீறியவர் என்ற இடத்தில் உன் பேர் இருக்கவேணும். தன் பேர்தான் அங்கே வேணும் என்று முதலாளி நின்றால் பின் கதிரையிலும் அவரே இருக்கட்டும், நீ நிலத்தில் நின்று கைகாட்டு. இதைப் பணிவாகச் சொல்லு, ஆனால் சொல்லு.

பின் கதிரைக்கும் விசிறிக்கும் இடையில் கம்பி வலை அடிக்க மறக்காதே. சடையை முடிந்து தொப்பிக்குள் விட்டுக்கொள், அம்மா இதை இரண்டு தரம் எழுதச் சொன்னா. குளிருக்குக் காதை மூடு. நல்லூர்க் கந்தன் உன்னை ஏற்றியது போலவே பத்திரமாக இறக்கியும் வைப்பான்.

நீ அனுப்பிய படத்தில் ஓரிடம் வெறுமையாகக் கிடந்தது. அதை நிரப்பி இங்கே என் பெட்டகத்தில் வைத்திருக்கிறேன். உன்னிடம் இருக்கிற பிரதியிலும் அப்படியே எழுதிக்கொள்:

சரிபார்த்தவர்,
ஆ. சீவரத்தினம்
(அப்பா)