புதன்கிழமை வந்துடும்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து போன் ஓயவில்லை. ஆனால் மோட்டார் கேட்டு ஒருத்தர்கூட இல்லை. எடுத்தால் வெறும் மூச்சு, இல்லாவிட்டால் புரியாத பாஷை. பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னய்யா, பம்பு கடைக்கு இவ்வளவு கிராக்கி? ஊர்க் கிணறெல்லாம் ஒரே நாள்ல வத்திப்போச்சா?" என்றார். சிரித்து வைத்தேன்.

மார்ச் 5, வியாழன்

தம்பி கண்டுபிடித்துவிட்டான். நம் சரக்கு வண்டியை ஓட்டுகிறவன். நிறுத்துகிற இடமெல்லாம் போனை நோண்டுகிறவன். பாட்டு, சமையல், பந்தாட்டம் என எந்த வீடியோவுக்குக் கீழே பார்த்தாலும் ஒரே வரி: "போனவர் வருவாரா? கேளுங்கள், சொல்வார்கள்." அடுத்து நம் கடை நம்பர். எத்தனையோ பொய்ப் பெயர்களில், எத்தனையோ பாஷைகளில். எதையும் விற்கவில்லை, காசு கேட்கவில்லை. அதுதான் எனக்கு உதைக்கிறது. ஏமாற்று வேலை என்றால் எங்காவது ஒரு கல்லாப்பெட்டி இருக்க வேண்டுமே?

"நம்பரை மாத்திடலாம்ண்ணே."

"போடா. தள்ளுவண்டியில வாஷர் வித்த காலத்துலேர்ந்து இதே நம்பர். நான் வித்த ஒவ்வொரு மோட்டார் முதுகுலயும் ஒட்டியிருக்கு. இதை விட்டா நான் யாரு?"

மார்ச் 9, திங்கள்

சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும் ஒரு பெண். அழுகைக் குரல். "பையன் சண்டை போட்டுட்டுப் போயிட்டான் சார். வருவானா?"

"இது பம்பு கடைம்மா."

"தெரியும் சார். வருவானா?"

எதிரே ஆட்கள் காத்து நிற்கிறார்கள். வாய் தானாகச் சொல்லிவிட்டது: "புதன்கிழமை வந்துடும்." கைவசம் இல்லாத எந்த உதிரி பாகத்தைக் கேட்டாலும் நான் சொல்கிற பதில். புதன்தான் சரக்கு வரும் நாள். வராது என்று தெரிந்தாலும் அதையேதான் சொல்வேன் — ஆள் வேறு கடைக்குப் போய்விடக் கூடாதே.

மார்ச் 11, புதன்

அதே பெண். பையன் வந்துவிட்டானாம். "நீங்க நல்லா இருக்கணும் சார்."

தற்செயல். வேறென்ன?

மார்ச் 12, வியாழன்

தம்பி போனை நீட்டினான். வரி நீண்டிருக்கிறது: "கேளுங்கள். புதன்கிழமை வந்துடும் என்பார்கள்."

"அந்தம்மாதான் போட்டிருக்கும்ண்ணே."

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், நேரத்தைப் பார்க்கும் வரை. திங்கட்கிழமை காலையில் போட்டிருக்கிறது. அவள் என்னோடு பேசியது மதியத்துக்கு மேல். நான் வாயைத் திறக்குமுன் எவன்டா எழுதினான்? தம்பியிடம் சொல்லவில்லை. போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 16, திங்கள்

எடுக்கவே பயமாக இருக்கிறது. ஒருவர் மகளைக் காணோம் என்கிறார். பம்பு கடை என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரு வார்த்தை சொன்னா உங்க சொத்தா கொறஞ்சுடும்?" என்று கத்தினார். சொன்னால் பொய். சொல்லாவிட்டால் பாவி. இப்படி ஒரு சரக்கை நான் வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை.

வீட்டில் மனைவி சொல்லிவிட்டாள்: "சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னுகூட உங்களுக்குத் தெரியல. விட்டுத் தொலைங்க அந்த நம்பரை."

மார்ச் 17, செவ்வாய்

விட்டுவிட்டேன். போன் கம்பெனி ஆள் கணினியில் தட்டிவிட்டு, "இதை இனி யாருக்கும் தர மாட்டோம் சார். செத்த நம்பர்" என்றான். ஏன்தான் அந்த வார்த்தையைச் சொன்னானோ.

மார்ச் 19, வியாழன்

புது நம்பர். மணி அடிக்கவே இல்லை. கடையில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கிறது.

மார்ச் 21, சனி

நேற்று அவசரமாகக் கொஞ்சம் சரக்கு எடுக்கப் போன தம்பி இன்னும் வரவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்ததாம். அவன் போன் அணைந்து கிடக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

கீழ்ச் சோதனைச்சாவடியை வண்டி தாண்டியிருக்கிறது. மேல் சாவடிக்கு வந்து சேரவில்லை. நடுவில்தான் சரிவு. தம்பி மனைவி வாசல் கேட்டைப் பிடித்தபடி நிற்கிறாள். "மாமா, வருவாருல்ல?"

அந்தப் புதன்கிழமை வார்த்தை வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

கூப்பிட்டேன். யாரை என்று எழுதத்தான் வேண்டும். என் பழைய நம்பரை.

மணி போனது. செத்த நம்பரில் எப்படிப் போகும்? யாரோ எடுத்தார்கள். பின்னால் ஷட்டர் ஏறும் சத்தம், குழாயைச் சிமெண்ட் தரையில் போடும் சத்தம் — என் கடைச் சத்தம். "சொல்லுங்க" என்றது என் குரல். அதே அவசரம், அதே சலிப்பு.

"தம்பி வருவானா?"

"புதன்கிழமை வந்துடும்."

வைத்துவிட்டது.

அந்த வார்த்தைக்குள் ஒன்றுமே கிடையாது. ஆளை அனுப்புவதற்காக நான் சொல்கிற வார்த்தை அது. உலகத்தில் வேறு யாரை விடவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்து போய்த் தம்பி மனைவியிடம் அப்படியே சொன்னேன். அவள் கேட்டிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு நாளில் முதல் முறையாகச் சாப்பிட உட்கார்ந்தாள்.

மார்ச் 25, புதன்

விடியுமுன் கடையைத் திறந்துவிட்டேன். சரக்கு இறக்க வாசலைக் காலி செய்து வைத்திருக்கிறேன். தம்பி மனைவியும் வந்து பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், தலை வாரி, நல்ல புடவை கட்டி. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

இப்போது தெருமுனையில் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம். அவள் எழுந்துவிட்டாள்.

நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். தலையை நிமிர்த்தப் பயமாக இருக்கிறது.