மணிக்கட்டில் வைக்காத பிளேட்

3.7.07, செவ்வாய்
காலையிலிருந்து புழுதிக் காற்று. வேலைக்குப் போகவில்லை. தெருக்குழாயில் குடத்தைத் தூக்கும்போது பாசியில் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தேன். நின்ற இடத்தில் விழுந்ததற்கு எலும்பு முறியுமா? முறிந்துவிட்டது.

இவரோடு விருதுநகர் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே. சின்ன வயசு டாக்டரம்மா. படத்தைப் பார்த்துவிட்டு, தீட்டு எப்போது நின்றது என்று கேட்டார். கையைக் காட்ட வந்தவளிடம் இதென்ன கேள்வி என்று கோபம். நாற்பது வயதிலேயே கர்ப்பப்பை, சினைப்பை இரண்டையும் எடுத்தாச்சு என்றேன். அதற்கப்புறம் எலும்பு வேகமாகத் தேயுமாம். என்னுடையது செல்லரித்த கட்டை மாதிரி இருக்கிறதாம். இத்தனை வருடத்தில் ஒருத்தர் வாயிலிருந்தும் இது வரவில்லை.

சொன்னவை: பால், தயிர். கேப்பை. எள். முருங்கைக்கீரை. முள்ளோடு நெத்திலி. தினம் நடக்கணும். தினம் கொஞ்சம் வெயில்.

வெயில் என்றதும் இவருக்குச் சிரிப்பு. எனக்கும்தான். பஸ்ஸில் வரும்போது யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. விடியுமுன் வேன், பகலெல்லாம் ஷெட், சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, இருட்டியபின் வீடு. சிவகாசியில் இருந்துகொண்டு உடம்பில் வெயில் படாமல் இருந்திருக்கிறேன்.

கையைத் திறந்து ஸ்டீல் பிளேட் வைத்து ஸ்க்ரூ போடணுமாம். வீட்டில் பேசிவிட்டு வருகிறோம் என்று கட்டோடு வந்துவிட்டோம்.

4.7.07, புதன்
தூக்கமில்லை. பிளேட் நினைப்புத்தான்.

நாரணாபுரத்தில் எங்கள் பட்டாசுக் கம்பெனி கேட்டில் இரும்பு எதையும் உள்ளே விடமாட்டார்கள். ஊக்கு கூடாது, சாவி கூடாது. எங்காவது உரசிப் பொறி பறந்தால் அத்தனை பேரும் கரிக்கட்டைதான். சேலைக்கு ஊக்கு குத்தாமல் போகிற இடத்துக்குக் கைக்குள் இரும்பை வைத்துக்கொண்டு எப்படிப் போவது?

பேச்சி வந்தாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தரைச்சக்கரம் சுற்றுகிறவள். "கண்டிப்பா விடமாட்டாகக்கா. பிளேட்டெல்லாம் வேண்டாம்." இவரும் யோசித்துப் பார்த்து, அதுவும் சரிதான் என்றார்.

போர்மேனிடம் கேட்கலாம். கேட்டால் கை உடைந்தது தெரிந்துவிடும். சீசன் நேரம், இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். தங்கச்சி மகள் பிரசவத்துக்குத் துணைக்குப் போயிருக்கிறேன் என்று பேச்சியிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

என் இடம் போனால் மாலா படிப்பும் போச்சு. ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது, ஆகஸ்டு கடைசியில் சேரணும். இவருக்குக் காலண்டர் கம்பெனியில் வருவது வாய்க்கும் வயிற்றுக்கும் சரி. என் சீசன் சம்பளம்தான் அவள் படிப்பு. எனக்கு என்ன ஆனாலும் சரி, என் மகள் அந்த வேனில் ஏறக்கூடாது.

5.7.07, வியாழன்
வெம்பக்கோட்டைப் பக்கம் கட்டு வைத்தியர். முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, மூங்கில் பத்தை. இழுத்துக் கட்டும்போது உயிர் போய்த் திரும்பி வந்தது. இரும்பு இல்லை. அந்த நிம்மதியில் வரும் வழியில் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டேன்.

21.7.07, சனி
கட்டுக்குள் அரிப்பு தாங்கவில்லை. கேப்பைக் கூழ், முருங்கைக்கீரை, மறுபடி கேப்பைக் கூழ். நாக்கு செத்துவிட்டது.

மாலாதான் தலை சீவிவிடுகிறாள், சோறு வடிக்கிறாள். சேலை கொசுவம் வைத்துவிட்டு, "குட்டையாயிட்டம்மா நீ" என்றாள். நிஜம்தான். கரை தரையில் புரள்கிறது. எப்போதிருந்து என்று தெரியவில்லை.

தெருவில் தரையைப் பார்த்தே நடக்கிறேன். விழுந்துவிடுவேனோ என்று பயம். முன்னெல்லாம் இந்தப் பயம் கிடையாது.

18.8.07, சனி
கட்டைப் பிரித்தாச்சு. மணிக்கட்டு கரண்டிக் காம்பு மாதிரி வளைந்து நிற்கிறது. உள்ளங்கையை மேலே திருப்ப முடியவில்லை. எண்ணெய் போட்டு நீவ நீவ வந்துரும் என்கிறார் வைத்தியர். இவர் என் கையைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறார்.

20.8.07, திங்கள்
வேலைக்குப் போனேன். கேட்டில் ஒன்றும் கேட்கவில்லை. என் இடத்தில் புதுப் பெண் ஒருத்தி. பேச்சி நகர்ந்து இடம் விட்டாள். சுற்றத் தொடங்கினால் இடது கை பிடிப்பதே இல்லை, காகிதக் குழாய் நழுவி நழுவி அவிழ்கிறது. போர்மேன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வேறு வழியில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிளேட் வைக்காத காரணத்தையும்.

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சொன்னார். "லோடு ஏத்துறதுல ரெண்டு பேரு கால்ல பிளேட்டோடதாம்மா வேலை பாக்காக. சதைக்குள்ள கெடக்குற இரும்பு எதுல போயி ஒரசும்? ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல."

கை தேறட்டும், சீசன் முடிந்து பார்ப்போம் என்று தன்மையாகத்தான் அனுப்பினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இவர் சாப்பிடவில்லை. "நானும் சரின்னுட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

23.8.07, வியாழன்
மறுபடி ஆஸ்பத்திரி. கோணலாகச் சேர்ந்திருக்கிறது. திரும்ப உடைத்து பிளேட் வைக்கலாம், இந்த எலும்பு ஸ்க்ரூவைப் பிடிக்குமா என்பது சந்தேகம் என்றார் டாக்டரம்மா. ஏன் அப்போதே வரவில்லை என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். இடுப்பெலும்பும் இப்படித்தான் இருக்குமாம். இனி விழவே கூடாது. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

26.8.07, ஞாயிறு
துவைக்க முடியவில்லை. மாலா துவைத்தாள். கொடியில் போட்டுக்கொண்டே, என் கம்பெனியில் வேலைக்குப் பேச்சியிடம் சொல்லி வைத்துவிட்டதாகச் சொன்னாள். "ஒரு வருசந்தாம்மா. அடுத்த வருசம் சேந்துக்கிறேன்."

கத்தினேன், அழுதேன். அவள் அழவில்லை. நான் எதைக் கொடுத்து அவளை நிறுத்துவது? கல்யாணத்துக்கு முன்னால் நானும் ஒரு வருடம் என்றுதான் போனேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

27.8.07, திங்கள்
மேகமூட்டம். எழுந்து பார்த்தால் மாலா குளித்துவிட்டு, தூக்குச்சட்டியில் தானே சோறு வைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "நாள் பூராவும் எப்படிம்மா உக்காரணும்? காலை மடக்கியா, நீட்டியா?"

மடக்கித்தான் என்றேன். வேன் வந்துவிட்டது.