கம்பளி வானம்

ஜூன் 9, திங்கள்

மகள் ஜீவராணி நம்ம தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர். சோறு தின்னும்போது சொன்னாள்: "விண்வெளியில இருந்து பாத்தா வானம் நீலமா இருக்காதுப்பா. சூரியன் அடிக்கிற பகல்லயும் கருப்புதான்." நீலமெல்லாம் இங்கே காற்று செய்கிற வேலையாம்.

அறுபத்தெட்டு வருஷமா காத்துகிட்ட ஏமாந்திருக்கேன்.

ஜூன் 10

டீக்கடையில் வீரய்யாவிடம் சொன்னேன். என் பொஞ்சாதியின் அண்ணன்தான். "நீ போய்ப் பாத்தியா மச்சான்?" என்றான்.

"நீ போயிட்டு வா. வராட்டியும் பரவாயில்ல."

கடையே சிரித்தது.

ஜூன் 12

வர்ற வியாழன் கல்வி ஆபீஸ்காரர்கள் பார்க்க வருகிறார்கள். பிடித்துப் போனால் நுவரெலியா விஞ்ஞானக் கண்காட்சிக்குப் போகலாம். நம்ம பள்ளிக்கூடம் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஒரு வகுப்பறையை விண்வெளி ஆக்க ஜீவராணிக்கு ஆசை. கருப்புத் துணிக்கு வழியில்லை.

எனக்குத்தான் தோன்றியது — மழைக்குத் தலையில் போடுகிற கம்பளி! லயத்து வரிசையில் வீட்டுக்கு வீடு கிடக்கிறது. எல்லாம் கருப்பு, எல்லாம் ஓட்டை. பின்னால் பல்பு போட்டால் ஓட்டையெல்லாம் நட்சத்திரம்! மகள் துள்ளிவிட்டாள். ராக்கெட்டு விட்டவன் மாதிரி நடக்கிறேன்.

ஓட்டை விஷயத்தை வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. எவனாவது தன் யோசனை என்று சொல்லிவிடுவான்.

ஜூன் 15

இருபத்தாறு வீட்டில் தருகிறார்கள். வீரய்யா மட்டும் மாட்டானாம்.

ஜூன் 18

போச்சு. கம்பளி வந்துச்சு, ஒரு ஓட்டை இல்ல! பொம்பளைங்க பூரா உக்காந்து துவைச்சு, தச்சுக் குடுத்திருக்காங்க. தலைமை யாரு? என் பொஞ்சாதி பேச்சியம்மா.

"ஓட்டைக்காகத்தானடி கேட்டேன்!"

"எங்க சொன்னீங்க? கம்பளின்னுதான சொன்னீங்க. பெரிய மனுஷங்க பாக்க நம்ம கிழிசலையா தொங்க விடுறது?"

அவ விரல் பூரா ஊசி குத்து. கத்தரிக்கோலை எப்படி எடுப்பேன்? நாளைக்கு மக மானம் போனா? எல்லாம் என் வாயால — இல்ல, வாயை மூடுனதால.

ஜூன் 19

ஜீவராணி தையலைத் தடவிப் பார்த்தாள். "ஒண்ணையும் பிரிக்காதீங்கப்பா." அப்படியே சுற்றிலும் தொங்கவிட்டாள். ஒரு பெரிய பல்பு, அது சூரியன். ஒரு நீலப் பந்து, அது பூமி.

அதிகாரி அம்மா உள்ளே வந்ததும் கேட்டார்: "நட்சத்திரம் எங்கே டீச்சர்?"

வாசலில் என் பக்கத்தில் நின்ற பேச்சியம்மாவைப் பார்த்தேன்.

"நாம விண்வெளியில, பூமியோட பகல் பக்கமா நிக்கிறோம் மிஸ். சூரிய வெளிச்சத்துல கண்ணு கூசுறப்ப நட்சத்திரம் தெரியாது. வெறும் கருப்புதான்." நிலாவில் எடுத்த போட்டோவையும் காட்டினாள். அதிலும் வானத்தில் ஒரு பொட்டு இல்லை.

அதிகாரி அம்மா கம்பளியைத் தொட்டுப் பார்த்தார். "இவ்வளவு நேர்த்தியா யார் தைச்சது?"

"என் பொஞ்சாதி!" — நான்தான் முந்திக்கொண்டேன். பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை மறைக்கிறாளாம்.

ஜூன் 24

நுவரெலியாவுக்குப் போகிறோம்! கடிதம் வந்துவிட்டது. கண்காட்சி அடுத்த மாசம். அதுவரைக்கும் கம்பளி அவரவர் வீட்டில்.

விடிந்ததிலிருந்து மழை. கொழுந்து பறிக்கிறவர்கள் வானத்தைத் தலையில் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

வீரய்யா சொட்டச் சொட்ட வந்து கம்பளியை நீட்டினான். "தங்கச்சி, இதையும் தச்சுக் குடு தாயி."

நான் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தேன்.

"மச்சான், ஒன்னோட வானத்துல மட்டும் நட்சத்திரம் நல்லாத் தெரியுது."