நான் மிதித்த மெழுகுதிரி

11 ஜூலை 1952, வெள்ளி.

இன்று ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் அம்மையை அறைந்துவிட்டேன். நர்ஸ் செய்கிற காரியமா இது?

தேங்காய்ப்பட்டணத்துச் சூசைக்கு விஷக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆக்சிஜன் முகமூடி மாட்டினேன். கழுத்தை நெரிப்பதாக நினைத்து உதைத்தான், கையைக் கடித்தான். அமுக்கிப் பிடித்துத்தான் அடக்கினேன். மருந்தெடுத்துத் திரும்பினால், சாகிறவர்களுக்குக் கொடுக்கிற மந்திரித்த மெழுகுதிரியைக் கொளுத்தி அவன் கைக்குள் திணிக்கிறாள் அம்மை. முகமூடிக்கும் தீக்கும் ஒரு சாண்.

தட்டிவிட்டு மிதித்தேன். அவள் குனிந்து பொறுக்கினாள். அறைந்தேன்.

"எம்பிள்ள இருட்டிலயா போவணும்?" என்று அலறினாள். அவன் அண்ணன் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். "ஏட்டி, எந்தம்பிய கொல்லுதியா?"

"அந்தக் காத்துல தீ பட்டா எல்லாரும் கரிஞ்சிருவோம்லே!" என்று கத்தினேன். வாயில் ரத்தம்.

எங்க அப்பா சாகும்போது கையில் திரி பிடித்துக் கொடுத்தவள் நான்தான். அதை யாரிடம் சொல்ல?

சூசைக்கு இன்னும் நீலம் மாறவில்லை. டியூட்டி முடிந்து வரும்போது அம்மை வராந்தாவில் இருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. நசுங்கிய திரி மடியில். என் சேலையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"மொகமூடியக் கழத்துத நேரம் வந்தா என்னைக் கூப்பிடு, மோளே."