நாகசாகியில் ஒரு குட்டித் தீவு

என்னங்க,

ரிடையர் ஆனதிலிருந்து ஜப்பான் சரித்திரமே கதி என்று கிடக்கிறீர்கள். நேற்று நூலகக் கூட்டத்தில் உங்கள் பேச்சுக்கு அப்படியொரு கைதட்டல்.

"நாட்டையே பூட்டி வெச்சிருந்த காலத்துலகூட, நாகசாகியில டச்சு வியாபாரிங்களுக்குன்னு ஒரு குட்டித் தீவை விட்டு வெச்சாங்க. கதவை மூடுறதுலயும் ஒரு நாகரிகம் வேணும்" என்றீர்கள்.

கடைசி வரிசையில் நம் மகள் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்று நீங்கள் வாசலோடு விரட்டியவள். கூட்டம் முடிந்ததும் மேடையருகே வந்து, "அப்பா, நல்லா பேசினீங்க" என்றாள்.

நீங்கள் என்னைப் பார்த்து, "யாரு இது?" என்று கேட்டீர்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பின் தெரியாத டச்சுக்காரனுக்குத் தீவு கிடைத்ததை மெச்சத் தெரிகிறது. பெற்ற பெண்ணுக்கு ஒரு நாற்காலி போட மனசில்லை. உங்களுக்கெல்லாம் நாகரிகப் பேச்சு ஒரு கேடா?

அவள் அழவில்லை. குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துவிட்டுப் படியிறங்கினாள். நீங்கள் போட்டோவுக்கு நின்றீர்கள். நான் அவளோடு இறங்கிவிட்டேன்.

இங்கே ஒரே அறைதான். மருமகன் கட்டிலை எனக்கு விட்டுவிட்டு, சொல்லச் சொல்லக் கேட்காமல் தரையில் படுத்துக்கொண்டார்.

உங்கள் பிரஷர் மாத்திரை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வேளைக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எடுத்துத் தர நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா