தரையில் போட்ட இலை

ஞாயிறு, இரவு

இல்லை, பசியில்லை என்று அப்பா சொன்னது பொய்தான். வெறும் காபியோடு கிளம்பியவர்.

முன்னாள் ராணுவத்தினருக்கு நிதி திரட்டும் மதிய விருந்து, செம்மேட்டுக்குப் பக்கத்து விடுதியில். விருந்தினர்கள் சேலத்திலிருந்து காரில் வந்திருந்தார்கள். மலைவாழ் மக்கள் முறைப்படி என்று பாய் விரித்துத் தரையில் இலை போட்டிருந்தார்கள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. அப்பாவுக்கு வலது தொடைக்குக் கீழே செயற்கைக் கால். தரையில் உட்கார முடியாது.

விருந்தை நடத்தியவரிடம் நாற்காலி கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு போட்டா போட்டோல தனியாத் தெரியும்மா. அடுத்த பந்தில பாத்துக்கலாம்."

"உடு கண்ணு, எனக்குப் பசியில்ல" என்று அப்பா குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டார். சட்டையில் பதக்கங்கள் ஆட, ஒவ்வோர் இலைக்கும் குனிந்து ஊற்றினார். ஒரு பெண் நிமிராமலே கேட்டாள்:

"ஏப்பா, குழம்பு நல்லாருக்கே. யார் சமையல்?"

"தெரியலீங்க. நான் இன்னும் சாப்பிடலீங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த பந்தி போடவில்லை. பேச்சு தொடங்கிவிட்டது. மேடைக்குக் கூப்பிட்டு அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தியாகம் என்ற சொல் வந்தபோதெல்லாம் கைதட்டல். அப்பாவும் தட்டினார்.

வீட்டுக்கு வந்து செயற்கைக் காலைக் கழற்றினார். பட்டை அழுத்திய இடம் கன்றியிருந்தது. களி கிண்டிக் கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். அவர் புரளும்போதெல்லாம் கட்டில் ஒரு பக்கம் ஆடியது. பொன்னாடையை நான்காக மடித்து, அந்தப் பக்கத்துக் கட்டில் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன்.