போன் வைக்கிற காது

ஜனவரி 12

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம், நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும். ஏழு ஞாயிற்றுக்கிழமையாக உன் போன் இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு போனில்தான் கோளாறோ என்று கடையில் காட்டினேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, கேக்குதா பாருங்கம்மா" என்றார். கேட்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

குட்டி இப்போது எந்தக் கதை வாசிக்கிறாள்? ஏழு வயதில், அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு, பாட்டிக்குப் போனில் தமிழ்க் கதை வாசித்துக் காட்டுகிறாள் என்று மாடிவீட்டு அம்மாவிடம் சொல்லாத நாள் இல்லை. அவர்களுக்குச் சலித்துவிட்டது, எனக்குச் சலிக்கவில்லை.

உன் அப்பா போன பிறகு ஞாயிறு ஒன்றுதான் இந்த வீட்டில் பேச்சுச் சத்தம். கோபம் என்றால் திட்டியாவது எழுது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அம்மா


பிப்ரவரி 3

அம்மா,

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல் என்று எழுதியிருக்கிறாய். பழைய வீட்டு முகவரிக்குப் போய்ச் சுற்றி வந்த கடிதம். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தேன்.

கடைசியாகப் பேசிய ஞாயிறு நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "அம்மா, நாங்க பிரிஞ்சிட்டோம். நானும் குட்டியும் தனியா வந்துட்டோம்" என்றேன். குட்டியின் காதில் விழக்கூடாதென்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ரொம்ப சந்தோஷம்மா" என்றாய்.

அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அன்றே சொன்னவள் நீ. நீ சொன்னதுதான் நடந்தது. அதற்காக இப்படியா குத்திக்காட்டுவாய்?

குட்டி நன்றாக இருக்கிறாள்.

மகள்


பிப்ரவரி 17

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ பிரிந்து வந்த சங்கதியே எனக்கு அந்தக் காகிதத்தில்தான் தெரியும்.

எனக்குக் காது கேட்கவில்லை. இரண்டு வருஷமாகிறது. நேரில் என்றால் வாயசைவைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். போனில் வாய் தெரியாதே, முணுமுணுவென்று இரைச்சல்தான் வரும், சொல் பிரியாது. அதற்காக மூன்று பதில் வைத்திருந்தேன்: "சரிம்மா", "அப்படியா", "ரொம்ப சந்தோஷம்மா." நீ மூச்சு விடுகிற இடமாகப் பார்த்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவேன். அன்றைக்குச் சந்தோஷத்தின் முறை வந்திருக்கிறது. குட்டி வாசித்த கதைகளிலும் ஒரு வரி எனக்குத் தெரியாது. செவிடி என்று கைதட்டிக் கூப்பிடுவார்களே என்ற வீம்பு, வேறொன்றுமில்லை.

இப்போது வீம்பை விட்டேன். கடைத்தெருவில் காது மிஷின் விற்பவரிடம் போனேன். சோதிக்காமலேயே ஒன்றை மாட்டிவிட்டு, "இப்ப கேக்குதா? இப்ப?" என்று கத்தினார். அந்தக் கத்தலுக்கு மிஷினே வேண்டாம். மருந்துக்கடை அம்மாதான் வழி சொன்னாள். முதலில் காது டாக்டரிடம் சீட்டு வாங்க வேண்டும். அதைக் கொண்டு ஆடியாலஜிஸ்டிடம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து சொல்பவரிடம், போக வேண்டும். உன் ஆபீஸ் இன்சூரன்ஸில் என்னையும் சேர்த்திருக்கிறாயே, அவர்கள் பட்டியலில் உள்ள இடம் என்றால்தான் செல்லுமாம். பதினொரு இடம் போட்டிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் படிப்பையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரே பஸ்ஸில் போகக்கூடியது ஒன்றுதான்.

சந்தேகம் இருந்தால் போன் செய்யவும் என்று அடியில் எழுதியிருக்கிறது. காது கேட்காதவள் போன் செய்ய வேண்டுமாம். மருந்துக்கடை அம்மா எனக்காகப் பேசினாள். "மக கையெழுத்து இல்லாம ஒண்ணும் நகராதாம்" என்றாள்.

படிவத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். கோபம் தீராவிட்டாலும் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அம்மா


ஏப்ரல் 6

என் கண்ணுக்கு,

படிவம் வந்தது. உள்ளே கடிதம் இருக்கும் என்று உறையை இரண்டு முறை உதறிப் பார்த்தேன். கையெழுத்து மட்டும்தான். பேனாவை அழுத்திப் போட்டிருக்கிறாய். பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தெரிகிறது.

ஆடியாலஜிஸ்ட் உன் வயதுப் பெண். சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னாள். நான் பழக்க தோஷத்தில், இப்போது வந்திருக்கும், இப்போது வந்திருக்கும் என்று விட்டு விட்டு அமுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கதவைத் திறந்து, "அம்மா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதற்குப் பிறகு கேட்டால் மட்டும் அமுக்கினேன். ரொம்ப நேரம் கை சும்மாவே இருந்தது.

சோதனையை இன்சூரன்ஸே பார்த்துக்கொண்டது. மிஷின் மட்டும் மூன்று வருஷத்துக்கு ஒரு காதுக்குத்தானாம். இரண்டும் ஒரே அளவு மந்தம், எந்தக் காதுக்கு வேண்டும் என்றாள். போன் வைக்கிற காதுக்கு என்றேன்.

நேற்று மாட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் குழாய் சொட்டுவது கேட்கிறது, கடிகாரம் கேட்கிறது, என் செருப்பே கேட்கிறது. மனிதக் குரல்தான் இல்லை.

வரும் ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறுகளிலும், பத்து மணிக்குப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்குச் சொன்னதை முதலிலிருந்து சொல். குளியலறையில் நின்றுகொண்டு மெதுவாகவே சொல். அந்த மூன்று பதிலையும் விட்டுவிட்டேன். இந்தப் பக்கம் சத்தமே இல்லையென்றால், லைன் போய்விட்டதென்று வைத்துவிடாதே. கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா